உடைக்காத உறைக்குள் கிடக்கும் கணக்கு

கேள்வி: கனடாவின் ஸ்காபரோவில் என் கணவர் உழைத்து வாங்கிய கொண்டோ (அடுக்குமாடி) வீடு, அவர் காலமான பின் என் பெயரில் இருக்கிறது. நான் உப்புவெளிக்குத் திரும்பிவிட்டேன். மகன் குடும்பத்தோடு அங்கே இருக்கிறான், வாடகை வாங்குவதில்லை. என் வங்கிக் கணக்கிலிருந்து போகும் பராமரிப்புக் கட்டணம் வருடாவருடம் கூடுகிறது. கட்டடத்தை நிர்வகிக்கும் கொண்டோ கூட்டுத்தாபனம் கணக்குக் காட்டுவதில்லை. கடிதம் வந்தாலும் மகன் வேலைக் களைப்பில் உடைப்பதில்லை. கணக்குக் கேட்க எனக்கு உரிமை உண்டா?
– ஒரு தாய், திருகோணமலை

பதில்: உரிமை உண்டு, அம்மா. ஆனால் கணக்குக் காட்டுவதில்லை என்று எழுதிய கையோடு, வந்த கடிதத்தை மகன் உடைப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் சட்டப்படி, வருடாந்தப் பொதுக்கூட்ட அறிவித்தலோடு நிதிக்கூற்றும் கணக்காய்வாளரின் அறிக்கையும் உரிமையாளருக்கு அனுப்பப்பட வேண்டும். நீங்கள் தேடும் கணக்கு பெரும்பாலும் மகனின் லாச்சிக்குள்தான் கிடக்கிறது. தகப்பன் உழைத்த வீட்டில், தாய் கட்டணம் கட்ட, வாடகையின்றி இருக்கும் ஒருவனுக்கு ஓர் உறையை உடைக்கவும் நேரமில்லை என்பதைக் களைப்பு என்று நான் ஏற்கமாட்டேன்; பிள்ளைக்குத் தாமே சாட்டுச் சொல்லிவிட்டு, கூட்டுத்தாபனத்தின் முகம் தெரியாத பணிப்பாளர் சபையைக் குறை கூறும் தாய்மாரின் கடிதங்கள் எனக்குப் புதியவையல்ல.

இன்றைக்கே அவனைக் கூப்பிட்டு, உறைகளை உடைத்து ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கெஞ்ச வேண்டாம்.

அதிலும் விடை இல்லையென்றால், சட்டத்தின் 55ஆம் பிரிவின் கீழ், நீங்களோ நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவரோ அதற்குரிய படிவத்தில் ஆவணங்களைக் கேட்கலாம். சபை 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நடப்பாண்டு வரவுசெலவுத் திட்டம், கடைசி நிதிக்கூற்று, ஒதுக்கு நிதித் திட்டம், கடந்த 12 மாதச் சபைக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்டால் கட்டணமில்லை. கூரை, மின்தூக்கி போன்ற பெரிய திருத்தங்களுக்குச் சேர்க்கும் பணம் ஒதுக்கு நிதியில் இருப்பதால், கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதை அறிய முதலில் அந்த ஒதுக்கு நிதித் திட்டத்தையே வாசியுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் உங்களிடம் விளக்கம் கோர முடியாது. அயல் வீட்டாரின் கோவையும் வழக்கு ஆவணங்களும் கிடைக்கமாட்டா. அவை உங்களுக்குத் தேவையுமில்லை. தக்க காரணமின்றி மறுத்தால், உப்புவெளியில் இருந்தபடியே இணையவழியில் கொண்டோமினியம் தீர்ப்பாயத்திடம் முறையிடலாம். 5,000 கனேடிய டொலர் வரை தண்டம் விதித்து, அதை உங்களுக்கே கொடுக்கும்படி அது கட்டளையிடலாம்.

அதிகாரக் கடிதத்தை மகன் பெயருக்கே எழுதுங்கள், குடியிருப்பவன் அலையட்டும். ஒரு மாதம் போயும் அவன் அசையாவிட்டால், அறிவித்தல்களை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பும்படி கூட்டுத்தாபனத்துக்கு எழுதிவிட்டு, பராமரிப்புக் கட்டணத்தை அவனையே கட்டச் சொல்லுங்கள்.