மேட் பெயிண்ட் மேல் டெக்கால் வெள்ளி பூத்துவிட்டதா?

கேள்வி: 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் விமான மாடல் ஒன்றைச் செய்து முடித்தேன். அக்ரிலிக் மேட் (பளபளக்காத) பெயிண்ட், பிரஷ்ஷால் அடித்தது. நிறம் நன்றாகவே வந்தது. டெக்கால், அதாவது சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம், ஒட்டியபோதும் எல்லாம் சரியாகவே இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் எழுத்துகளைச் சுற்றியும் இறக்கை மேலுள்ள வட்டச் சின்னத்தைச் சுற்றியும் வெள்ளி நிறத்தில் ஒரு படலம் மினுங்குகிறது. இன்னொரு வட்டச் சின்னம் ஒட்டும்போதே கிழிந்துவிட்டது. மாடல் செய்வோர் குழுவில் கேட்டேன். மேட் வார்னிஷ் அடித்தால் மறைந்துவிடும் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் உரித்து எடுங்கள் என்கிறார் இன்னொருவர். மாடலைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். வார்னிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன், உரிப்பதற்கும் முன், ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மெல்லிய பிரஷ்ஷைச் சுத்தமான தண்ணீரில் தொட்டு, வெள்ளி பூத்த டெக்காலின் ஓரத்தில் வையுங்கள். ஓரம் எங்காவது தூக்கியிருந்தால் நீர் உள்ளே இழுக்கப்படும். அது போகும் இடமெல்லாம் வெள்ளி மறைந்து, அடியிலுள்ள பச்சையும் பழுப்பும் பளிச்சென்று தெரியும். அப்படித் தெரிந்தால் படலத்துக்கு அடியில் இருப்பது காற்று. காற்று என்றால் வைத்தியம் உண்டு. நீர் உள்ளே போகாமல் மேலேயே நின்றால் காற்று இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஓரம் இறுக ஒட்டி, நடுவில் மட்டும் காற்று சிக்கியிருக்கலாம். டெக்காலுக்கு வெளியே, ஓரத்தை ஒட்டி வெண்மையாகத் திட்டு தெரிந்தால் அது பெரும்பாலும் காய்ந்துபோன கோந்து. ஈரப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தால் போய்விடும்.

ஒட்டும்போது நன்றாக இருந்து மறுநாள் கெட்டதற்குக் காரணமும் இதுதான். மேட் பெயிண்ட் பளபளக்காமல் இருப்பதற்கே அதன் பரப்பு கரடுமுரடாக இருப்பதுதான் காரணம். உருப்பெருக்கியில் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். விழும் ஒளியை நாலாபுறமும் சிதறடிக்கும். டெக்கால் படலம் அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு படுக்கிறது. ஈரமாக இருக்கும்வரை பள்ளங்களை நீர் நிரப்பியிருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நீர் ஆவியாகிப் போனதும் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. படலமும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒளி திரும்பி வருகிறது. அதைத்தான் வெள்ளியாகப் பார்க்கிறோம்.

இதைப் புரிந்துகொண்டால், குழுவில் கிடைத்த முதல் யோசனை ஏன் பலிக்காது என்பது விளங்கும். மேட் வார்னிஷ் டெக்காலின் மேல்பக்கம் விழுகிறது. கோளாறு இருப்பதோ அடியில். வார்னிஷ் ஓரங்களை அடைத்து, காற்றை உள்ளேயே பூட்டிவிடும். மினுமினுப்பு சற்று மங்கும், வெளிறிய திட்டு அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு எந்தத் திரவத்தை ஊற்றினாலும் உள்ளே போக வழி இருக்காது. ஆகவே இப்போதைக்கு வார்னிஷ் வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. டெக்காலை மென்மையாக்கும் திரவம் ஒன்று வாங்குங்கள். மைக்ரோ சோல், மிஸ்டர் மார்க் சாஃப்டர் இரண்டும் பரவலாகப் புழங்குபவை. மைக்ரோ செட் என்று நீல லேபிளில் ஒன்றும் மைக்ரோ சோல் என்று சிவப்பு லேபிளில் ஒன்றும் வரும், குழம்ப வேண்டாம். முதலாவது வினிகர் வாடை வீசும் மிதமான திரவம், ஒட்டுவதற்கு முன் பரப்பில் தடவுவது. படலத்தையே இளக்குவது இரண்டாவது. உங்களுக்கு இப்போது தேவை இரண்டாவதுதான். ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

புதிய பிளேடின் நுனியாலோ மிக மெல்லிய ஊசியாலோ வெள்ளி பூத்த இடத்தில் செங்குத்தாகக் குத்துங்கள். கீறக் கூடாது, குத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் நெருக்கமாக, படலத்தைத் துளைக்கும் அளவுக்கு மட்டும். பிறகு பிரஷ்ஷில் ஒரு துளி திரவத்தை எடுத்து அதன் மேல் வையுங்கள். துளைகள் வழியாக அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். வெள்ளித் திட்டு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து நடப்பது புதியவர்களைப் பதறவைக்கும். சில நிமிடங்களில் டெக்கால் மேடு தட்டி, சுருக்கம் சுருக்கமாக எழும்பும். எல்லாம் பாழாகிவிட்டது என்று தோன்றும். கை வைக்காதீர்கள். துடைக்காதீர்கள். விரலால் தட்டையாக்கலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். படலம் அப்போது கூழாக இளகியிருக்கிறது, தொட்டால் பிய்ந்துவிடும். திரவம் உலர உலரச் சுருக்கம் தானாக இறங்கி, பரப்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் படிந்துகொள்ளும். முழுக்க உலர்ந்த பிறகு சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். எஞ்சியிருக்கும் திட்டில் மட்டும் திரும்பக் குத்தி, திரும்ப வையுங்கள். மூன்று நான்கு சுற்று ஆவது சாதாரணம். ஒரே சுற்றில் முடிக்க நினைத்துத் திரவத்தைக் குளமாக ஊற்றுவதுதான் ஆபத்து. அடியிலுள்ள பெயிண்ட்டையும் அது கடிக்கக்கூடும். உங்களிடம் பயன்படுத்தாத டெக்கால் ஏதேனும் இருந்தால், கிட்டின் ஸ்ப்ரூவில், அதாவது பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில், இதே பெயிண்ட் அடித்து, அதை ஒட்டி முதலில் அங்கே சோதித்துவிடுங்கள். திரவத்தின் வீரியம், டெக்காலின் மை, பெயிண்ட்டின் வகை மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை வேறு எந்த வழியிலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

குழுவில் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் நேர் எதிராகச் சொல்வதும் பெரும்பாலும் இதனால்தான். ஏர்பிரஷ் என்னும் தெளிப்பானில் லாக்கர் வகைப் பெயிண்ட் அடித்து, இத்தாலியின் கார்ட்டோகிராஃப் அச்சிட்ட மெல்லிய டெக்காலை ஒட்டுகிறவரின் அனுபவம், பழைய கிட்டின் தடித்த டெக்காலை அக்ரிலிக் மேல் ஒட்டுகிறவருக்கு அப்படியே பொருந்தாது. இருவரும் தம் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். அடுத்த முறை கேட்கும்போது பெயிண்ட் எது, டெக்கால் எந்தக் கிட்டைச் சேர்ந்தது, என்ன திரவம் பயன்படுத்தினீர்கள் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. பதிலின் தரமே மாறிவிடும்.

இத்தனை செய்தும் வெள்ளி அடங்கவில்லை என்றால் உரிப்பதுதான் வழி. அந்தச் சின்னத்தை மட்டும். ஒட்டும் டேப்பை மேலே அழுத்தி, தாழ்வான கோணத்தில் மெல்ல இழுங்கள். பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்காமல் நேரடியாகப் பிளாஸ்டிக்கில் அடித்த அக்ரிலிக் என்றால் பெயிண்ட்டும் கூடவே வந்துவிடலாம்; அப்படியானால் டேப்பை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணித்துண்டை மேலே போட்டு ஊறவிட்டு, பஞ்சுக்குச்சியால் உருட்டி எடுங்கள். உரிந்து வந்த டெக்கால் திரும்ப உதவாது.

இனி, அடுத்த மாடலில் இது வராமல் தடுப்பது. டெக்கால் ஒட்டும் நேரத்தில் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். மேட் என்பது கடைசியில் வருவது. பெயிண்ட் காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ் அடித்து, அதன் மேல் டெக்கால் ஒட்டி, அதற்கு மேல் மேட் வார்னிஷ் அடித்து முடிக்கிறோம். போர் விமானம் கண்ணாடி மாதிரி மின்னுகிறதே என்று நடுவில் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். மேட் வார்னிஷ் விழுந்ததும் எல்லாம் ஒரே தளத்துக்கு வந்துவிடும்.

பளபளப்பு வார்னிஷில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நீங்கள் எப்படிப் பூசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமியாவின் எக்ஸ்-22 ஏர்பிரஷ்ஷில் அடிக்க அருமையானது. பிரஷ்ஷால் பூசினால், அடியில் இருப்பதும் தமியா அக்ரிலிக் என்றால், அதைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். பிரஷ்ஷால் பூசும் உங்களுக்கு, மாடலுக்கென்றே விற்கும் நீர் சார்ந்த பளபளப்பு வார்னிஷ்தான் பத்திரம். ஒரு காலத்தில் மேற்கத்திய மாடலர்கள் தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷையே இதற்குப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் ஃபியூச்சர் என்றும் பிரிட்டனில் கிளியர் என்றும் அது விற்றது. பழைய கட்டுரைகளில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் தேடி அலைய வேண்டாம். பெயரும் தயாரிப்பும் மாறி, பழைய சரக்கு இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

கெட்டியாக ஒரு பூச்சு போடுவதைவிட மெல்லியதாக இரண்டு மூன்று போடுங்கள். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் லாக்கர் வகை கிளியரைத் தெளித்தால் பால் போல வெளுத்துவிடும், அன்று வேண்டாம். ஒரு முழு நாளாவது காயவிடுங்கள். போதுமான வழவழப்பு வந்துவிட்டதா என்று பார்க்க இறக்கையை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் வடிவம் அடையாளம் தெரியும்படி விழுந்தால் டெக்காலுக்குப் பரப்பு தயார். வெறும் வெளிச்சத் திட்டாக மட்டும் தெரிந்தால் இன்னொரு பூச்சு தேவை.

ஒட்டும் முறையிலும் இரண்டு விஷயம். டெக்காலை நீரில் மிதக்கவிட்டுக் காகிதத்திலிருந்து தனியே பிரியும்வரை விட்டுவிடாதீர்கள். கோந்து முழுக்கக் கரைந்து போய்விடும். பதினைந்து, இருபது விநாடி நனைத்து, எடுத்து வெளியே வைத்துவிட்டால் ஒரு நிமிடத்தில் தானே நகரத் தொடங்கும். காகிதத்தோடு மாடல் அருகே கொண்டுபோய், ஈரப் பிரஷ்ஷால் அதன் மேலிருந்து பரப்புக்கு நகர்த்துங்கள். இடம் சரியானதும் பஞ்சுக்குச்சியை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி நீரை வெளியேற்றுங்கள். தேய்த்தால் கிழியும். உங்கள் வட்டச் சின்னம் கிழிந்ததற்கும் பெரும்பாலும் இதுவோ, கரடான பரப்பில் அது சிக்கிக்கொண்டதோதான் காரணமாக இருக்கும்.

எழுத்துகளைச் சுற்றியுள்ள வெற்றுப் படலத்தைக் கத்தரித்துவிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. 1/72 என்பது ஆறடி ஆளை ஓர் அங்குலமாக்கும் கணக்கு. படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன் இருந்தாலும், உண்மையான விமானத்தில் அது முக்கால் மில்லிமீட்டர் தடித்த விளிம்பாகும். ஸ்பிட்ஃபயரின் பெரிய குறியெழுத்துகளில் இது கண்ணுக்குப் படும். வெளிப்புறம் மட்டும் கத்தரித்தால் போதும். எழுத்தின் உட்புறத்தை வெட்டப் போனால் எழுத்தே வளைந்து, வரிசை கோணலாகிவிடும். வெட்டாத உட்புறப் படலத்தைப் பளபளப்பு வார்னிஷும் திரவமும் பார்த்துக்கொள்ளும். பொறித்த பேனல் கோடுகளின் மேல் டெக்கால் பாலம் போட்டு நின்றால், காய்ந்தபின் கோட்டின் வழியே புதிய பிளேடை லேசாக ஓட்டி ஒரு துளி திரவம் விட்டால் உள்ளே இறங்கிவிடும்.

கண்காட்சிகளில் நடுவராக இருப்பவர்கள் மாடலைக் கையில் டார்ச்சுடன் குனிந்து பார்ப்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். இணைப்புக் கோடு தெரிகிறதா, இறக்கைகள் சமமாக நிற்கின்றனவா, டெக்கால் வெள்ளி பூத்திருக்கிறதா என்ற அடிப்படைகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். துருவும் அழுக்கும் எவ்வளவு அழகாகத் தீட்டியிருந்தாலும் அதற்குப் பிறகுதான். போட்டிக்குப் போகாதவர்களுக்கும் இந்த வரிசை நல்ல வரிசை என்பது என் எண்ணம்.

கிழிந்த சின்னத்துக்குப் புதிய கிட் வாங்க வேண்டாம். பெரும்பாலான கிட்களில் இரண்டு மூன்று விமானங்களுக்கான டெக்கால் இருக்கும், செய்வது ஒன்றைத்தான். மிச்சம் எல்லோருடைய மேசை இழுப்பறையிலும் கிடக்கிறது. 1963இல் பிரிட்டனில் தொடங்கிய சர்வதேச பிளாஸ்டிக் மாடலர் சங்கத்தின் கிளைகளிலிருந்து சின்னஞ்சிறு குழுக்கள் வரை, கேட்டால் மிச்ச டெக்காலைத் தபாலில் அனுப்பிவைப்பது இந்தப் பொழுதுபோக்கில் ஊறிப்போன பழக்கம். தயங்காமல் கேளுங்கள். ‘ஸ்பிட்ஃபயர் சின்னம்’ என்று மொட்டையாகக் கேட்காமல், 1/72 அளவு, இறக்கையின் மேற்பக்கமா கீழ்ப்பக்கமா, எந்த நிறங்கள் என்று சொல்லுங்கள். மறு இறக்கையில் ஒட்டியிருக்கும் சின்னத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். இரண்டு சின்னங்களின் சிவப்பும் நீலமும் வெவ்வேறு அச்சகத்தில் வெவ்வேறு சாயலாக இருக்கக்கூடும் என்பதால், ஒரே தாளிலிருந்து ஒரு ஜோடியாகக் கேட்டு இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

வருகிற டெக்கால் பழையதாக இருந்து மஞ்சளித்திருந்தால், வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாட்கள் ஒட்டிவையுங்கள், மஞ்சள் வெளுக்கும். ஒட்டுமுன் அந்தத் தாளின் உதவாத ஓர் எண்ணையோ எழுத்தையோ நீரில் நனைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்தால் தாள் முழுவதற்கும் ஒரு பூச்சு கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் விளிம்பை ஒட்டி வெட்டி எடுத்துப் பயன்படுத்துங்கள்.