லாமா ஒட்டகப் பக்கம்தான்

மகளின் அறிவியல் சார்ட்டில் லாமா என்ற தென் அமெரிக்க விலங்கை ஆட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவதா, ஒட்டகத்துக்குப் பக்கத்திலா என்று கேட்டிருந்தீர்கள். ஒட்டகத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கம்பளி ரோமத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள், லாமாவுக்கு ஒட்டகம் போலவே மூன்று. பாதத்திலும் ஆட்டுக் குளம்பு கிடையாது; இரண்டு விரல், அடியில் மெத்தென்ற தசைத்திண்டு. ரத்தச் சிவப்பணுக்கள்கூட முட்டை வடிவம். மற்ற பாலூட்டிகளுக்கு அவை வட்டமாக இருக்கும். 1998இல் துபாயில் ஒட்டகத்தையும் லாமாவையும் செயற்கைக் கருவூட்டலில் இணைத்து 'காமா' என்ற குட்டியே பிறந்தது!

"ஒட்டகம் பாலைவனத்தில், லாமா ஆண்டிஸ் மலையில், எப்படிச் சொந்தம்?" என்று டீச்சர் கேட்டால்: இந்தக் குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில். ஒரு கிளை, அன்று அமெரிக்காவையும் ஆசியாவையும் இணைத்த பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியா போனது. இன்னொன்று பனாமா வழியாகத் தெற்கே இறங்கியது. பிறந்த இடத்தில்தான் எல்லாம் அழிந்துபோயின.

லாமாவுக்கு மேலே குவானாகோ, அதன் உறவான அல்பாகாவுக்கு மேலே விக்குன்யா என்று கோடு போடுங்கள். மேலே வரும் இரண்டும் காட்டு மூதாதைகள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. சார்ட்டுக்கான பட்டியலில் ஆர்மடில்லோ என்ற கவசமுள்ள அமெரிக்க விலங்குக்குக் கீழே அழுங்கு (பாங்கோலின்) இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். கவசம் மட்டும்தான் ஒற்றுமை. அழுங்கு பூனை, நாய் வகையறாவுக்குத்தான் நெருக்கம். ஆர்மடில்லோவின் உறவுகள், மரத்தில் மெதுவாக நகரும் ஸ்லாத்தும் அமெரிக்க எறும்புண்ணியும்.