வாசகர் கேள்வி–பதில்: வைரஸைக் காண எலக்ட்ரான் எதற்கு?

கேள்வி: ஆய்வகத்து நுண்ணோக்கியில் வெங்காயத்தோலின் செல்களை நன்றாகப் பார்க்க முடிகிறது. அதிலேயே இன்னும் சக்திவாய்ந்த லென்ஸைப் பொருத்தினால் வைரஸும் தெரிந்துவிடாதா? எலக்ட்ரான் நுண்ணோக்கி எதற்கு?

பதில்: தெரியாது. லென்ஸை எவ்வளவு பிசகில்லாமல் கடைந்தாலும் வைரஸின் வடிவம் அதில் வராது, ஏனென்றால் சிக்கல் ஒளியிலேயே இருக்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர்.) அந்த அலைநீளத்தில் பாதியைவிட நெருக்கமாக இரண்டு புள்ளிகள் இருந்தால், அவற்றிலிருந்து வரும் ஒளி ஒன்றோடொன்று கலந்து ஒரே திட்டாகிவிடும். 1873-லேயே ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே இந்த எல்லையைச் சொல்லிவிட்டார். நடைமுறையில் அது 200 நானோமீட்டருக்குப் பக்கத்தில் வருகிறது. பாக்டீரியா பெரும்பாலும் ஓரிரு ஆயிரம் நானோமீட்டர் நீளம், அதனால் தப்பித்தது. போலியோ வைரஸோ சுமார் 30 நானோமீட்டர்தான்.

பலர் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. பெரிதாக்கிக் காட்டுவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு. கைபேசியில் எடுத்த படத்தை விரல்களால் விரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் மங்கல்தான் பெரிதாகிறது, புதிதாக எதுவும் தெரிவதில்லை அல்லவா? அதே கதைதான் இங்கேயும். ஒரு நுண்ணோக்கி எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று கேட்பதைவிட, எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

எலக்ட்ரான் உள்ளே வருவது இங்குதான். எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924-ல் லூயி டி பிராய் சொன்னார். 1,00,000 வோல்ட்டில் விரட்டப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டர், அதாவது ஒளியின் அலைநீளத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கண்ணாடி லென்ஸால் எலக்ட்ரானைக் குவிக்க முடியாது. காந்தப்புலம் அந்த வேலையைச் செய்யும் என்று 1926-ல் ஹான்ஸ் புஷ் காட்டினார், 1931-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் க்னோலும் கம்பிச்சுருள்களை வைத்துக் கருவியையே செய்துவிட்டார்கள். முதலில் கிடைத்த பெருக்கம் ஏறத்தாழ 17 மடங்குதான்! ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நுண்ணோக்கிகூட அதைவிட அதிகம் காட்டும். ஆனாலும் வழி சரி என்று ருஸ்கா விடவில்லை, இரண்டே ஆண்டில் ஒளி நுண்ணோக்கியைத் தாண்டினார். அதற்கான நோபல் பரிசு 1986-ல்தான் வந்தது, அவருக்கு அப்போது 79 வயது.

கேள்வி: உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்: ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு உலோகத் தூணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உச்சியில் எலக்ட்ரான் துப்பாக்கி. பழைய வகையில் அது பழுக்கக் காய்ந்த டங்ஸ்டன் இழை. தூணுக்குள் காற்றே இருக்கக் கூடாது, இருந்தால் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதிச் சிதறிவிடும். கீழே இறங்கும் கற்றையைக் காந்தச் சுருள்கள் குவிக்கின்றன, அது மெல்லிய மாதிரியை ஊடுருவிப் போய் ஒளிரும் திரையிலோ கேமராவிலோ விழுகிறது. கனமான அணுக்கள் உள்ள இடம் எலக்ட்ரான்களை அதிகம் சிதறடிப்பதால் கறுப்பாகத் தெரியும். குவியத்தை மாற்ற இதில் லென்ஸை மேலும் கீழும் நகர்த்துவதில்லை, சுருளில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும்.

இன்னொரு வகை, மேற்பரப்பை மட்டும் வரிவரியாகத் தடவிப் பார்க்கும் ஸ்கேனிங் நுண்ணோக்கி. எறும்பின் முகம், மகரந்தத்தின் முட்கள் என்று முப்பரிமாணமாகத் தெரியும் படங்கள் பெரும்பாலும் அதில் எடுத்தவை. அந்தப் படங்களில் வரும் நிறம் பிறகு சேர்த்தது. நிறம் என்பதே ஒளியின் அலைநீளத்தைக் கண் உணர்வது, எலக்ட்ரான் படத்தில் அதற்கு வழியில்லை.

கேள்வி: உயிருள்ள செல்லை இதில் பார்க்கலாமா?

பதில்: வழக்கமான முறையில் முடியாது. வெற்றிடத்தில் வைத்தால் செல்லிலுள்ள நீர் ஆவியாகிவிடும், அதனால் முதலில் குளூட்டரால்டிஹைடு கொண்டு செல்லை அப்படியே நிலைநிறுத்தி, கொழுப்புச் சவ்வுகள் கறுக்க ஆஸ்மியம் டெட்ராக்சைடில் ஊறவைத்து, ஆல்கஹாலால் நீரை வெளியேற்றி, பிசினில் புதைத்து இறுகவிடுவார்கள். அப்புறம்தான் வெட்டு. வைரக் கத்தியின் முனைக்குப் பின்னால் சின்னத் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிற்கும். வெட்டப்பட்ட சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா போல அதன்மேல் மிதந்து வரும். அவற்றின் தடிமனை எப்படி அறிவது? நிறத்தைப் பார்த்துத்தான். வெள்ளி நிறத்தில் மின்னினால் 60 முதல் 90 நானோமீட்டர், பொன்னிறமானால் அதைவிடத் தடிமன். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கான சீவலைக் கடைசியில் ஒளியை வைத்துத்தான் தரம் பார்க்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிறகு 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு செப்பு வலையில் அதை ஏந்தி எடுப்பார்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் சீவல் மடிந்துபோகும்.

நீரை வெளியேற்றாமல், பனிப்படிகம் உருவாகக்கூட நேரம் கொடுக்காமல், கண்ணிமைக்கும் நேரத்தில் உறையவைத்துப் பார்க்கும் கிரையோ முறையும் இருக்கிறது. 2017-ல் வேதியியலுக்கான நோபல் அதற்குத்தான். அதிலும் செல் உயிரோடு இருக்காது. ஒரு செல் இரண்டாகப் பிரிவதை, வெள்ளணு பாக்டீரியாவைத் துரத்துவதை நேரில் பார்க்க வேண்டுமா, ஒளி நுண்ணோக்கியிடம்தான் போக வேண்டும். ஒன்று வந்ததால் மற்றது பழசாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: அணுவே தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் அதற்கு வெகுகாலம் பிடித்தது. வட்டச் சமச்சீருள்ள காந்த லென்ஸில் கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் ஓரமாகப் போகும் கற்றையும் நடுவில் போகும் கற்றையும் ஒரே புள்ளியில் குவியாமல் படம் மங்குவது) என்ற குறை இருந்தே தீரும் என்று 1936-ல் ஓட்டோ ஷெர்ட்சர் நிறுவினார். அந்தப் பிறழ்ச்சியைச் சரிசெய்யும் அமைப்புகள் 1990-களில்தான் கைகூடின. இன்றைய உயர்தரக் கருவிகள் 0.05 நானோமீட்டர் அளவுக்குப் பிரித்துக் காட்டுகின்றன, படிகத்தில் அணுக்கள் நிரைநிரையாக நிற்பதைத் திரையில் எண்ணலாம்.