நரேன் கார்த்திகேயனை அந்த 5 பாயின்ட்டை வைத்து எடை போடலாமா?

"ஃபார்முலா 1 (எஃப் 1) கார் பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் வாங்கிய 5 பாயின்ட்டும் ஆறே கார்கள் ஓடிய ரேஸில் கிடைத்தவைதானே, அவரை எப்படி நல்ல டிரைவர் என்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாதி உண்மை. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். சரிவாகக் கட்டப்பட்ட அந்தக் கடைசி வளைவை மிஷ்லின் டயர்கள் தாங்காது என்று தெரிந்துவிட்டதால், ரேஸ் தொடங்குமுன் ஓட்டும் ஃபார்மேஷன் லேப் (முன்சுற்று) முடிந்ததுமே 14 கார்கள் பிட்டுக்குள், அதாவது அணிகள் காரைக் கவனிக்கும் இடத்துக்குள், போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரில் இருந்த ஃபெராரி, ஜோர்டன், மினார்டி கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. குறை சொல்வதென்றால் ஆறு கார்தானே ஓடியது என்று சொல்ல வேண்டாம். அதே ஜோர்டன் காரில் டியாகோ மொன்டேரோ மூன்றாவதாக வந்து மேடை ஏறினாரே, அதைச் சொல்லுங்கள். அந்த வருத்தம் எனக்கும் இன்றுவரை உண்டு.

இரண்டாவது பாதியைத்தான் ஏற்க முடியவில்லை. எஃப் 1-ல் டிரைவரின் திறமை தெரிவதற்கு முன்னால் காரின் தரம் தெரிந்துவிடும். அதனால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கார் கொடுக்கும் பந்தயங்களில் ஒருவர் என்ன செய்தார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். நரேன் 1996-ல் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். அதற்கு முன்பே, 1994-ல், பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றிருந்தார். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் ராலி சாம்பியன், பிரான்ஸில் வின்ஃபீல்டு ரேஸிங் பள்ளியில் பயிற்சி என்று நல்ல தொடக்கம் அமைந்தது நிஜம்தான். ஆனால் ஸ்டீயரிங்கை அவர்தானே பிடித்தார்? நாடுகள் பெயரில் அணிகள் மோதிய ஏ1 ஜிபி தொடரில் எல்லோருக்கும் ஒரே சேஸி (காரின் அடிச்சட்டகம்), ஒரே எஞ்சின். அதில் 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயில் இந்தியாவுக்கு முதல் வெற்றியைத் தந்தவர் அவர்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2001-ல் ஜாகுவார் அணிக்காக இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் டெஸ்ட் (சோதனை ஓட்டம்) ஓட்டி, எஃப் 1 காரை ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ரேஸ் சீட் கிடைத்ததோ 2005-ல். நடுவில் மினார்டியில் வாய்ப்பு வந்தும் ஸ்பான்சர் பணம் சேராமல் கைநழுவியது.

இனி 2011, 2012-ல் கடைசி வரிசையில் ஓடிய சிறிய எஃப் 1 அணியான ஹெச்ஆர்டியில் அவர் பட்ட பாடு. தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் வேகமான காரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட்டியாக வேண்டும் என்பது விதி. முதல் கார் 90 விநாடியில் ஒரு லேப் முடித்தால் இவருக்கு எல்லை 96.3. இரண்டு வருடமும் மெல்போர்னில் ஹெச்ஆர்டியின் இரண்டு கார்களுமே அந்த எல்லைக்குள் வர முடியாமல் ரேஸில் கலந்துகொள்ளவே இல்லை. டீம்மேட்டுக்கும் அதே கதி என்றால் குறை எங்கே இருக்கிறது?

ரேஸுக்குத் தகுதி பெற்றாலும் வேலை எளிதல்ல. ஒரு சுற்று முந்திவிட்ட முன்னணிக் கார் பின்னால் வந்து, அதிகாரிகள் நீலக் கொடி காட்டினால் வழி விட்டே ஆக வேண்டும், தாமதித்தால் பெனால்டி. வழி விட ரேஸிங் லைனை (கார்கள் வழக்கமாக ஓடும் வேகமான தடத்தை) விட்டு விலகினால், டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகள் அங்கேதான் சேர்ந்து கிடக்கும். அவை டயரில் ஒட்டிக்கொள்ளும், டயர் சூடும் குறையும், அடுத்த வளைவில் பிடிமானம் இருக்காது. கார் பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் அடுத்த நீலக் கொடி. இதை ரேஸ் முழுக்கச் செய்துகொண்டே ஓட்டிப் பாருங்கள் என்றுதான் கிண்டல் செய்கிறவர்களிடம் கேட்கத் தோன்றும்.

2012 மலேசியாவில் மற்றவர்களில் பெரும்பாலோர் லேசான ஈரத்துக்கான இன்டர்மீடியட் டயரில் கிளம்ப, நரேன் முழு மழை டயரில் கிளம்பினார். மழை கொட்டி ரேஸ் நிறுத்தப்பட்டபோது அந்த ஹெச்ஆர்டி 10-வது இடத்தில் இருந்தது! பலருக்கு இது நினைவில் இல்லை. அதே ரேஸில் அப்போதைய உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டலோடு உரசியதுதான் நினைவிருக்கிறது. அதற்கு நரேனுக்கு 20 விநாடி பெனால்டி கிடைத்தது. முழுதாகக் கடப்பதற்குள் வெட்டல்தான் அவசரமாக உள்ளே திரும்பினார் என்பது என் கருத்து.

2011 பாதியில் அவரை இறக்கிவிட்டு டேனியல் ரிக்கார்டோவை ஏற்றினார்கள். அக்டோபர் 30 அன்று டெல்லிக்கு அருகே புத் சர்க்யூட்டில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸுக்கு மட்டும் நரேனுக்கு சீட் திரும்பக் கிடைத்தது. அன்று ஒரே அணியில் இருவரும். நரேன் 17, ரிக்கார்டோ 18. பின்னாளில் எட்டு கிராண்ட் பிரிக்ஸ் வென்ற அதே ரிக்கார்டோதான்.

எஃப் 1 முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. 2014 முதல் 2018 வரை ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா என்ற ஒற்றை இருக்கைக் கார் பந்தயத் தொடரில் ஓட்டினார். வெற்றி கிடைக்கவில்லை, ஆனால் மேடை ஏறினார். வளைவுகளில் எஃப் 1-க்கு நெருங்கி வரும் வேகம் கொண்ட கார் அது. கழுத்தும் தோளும் இளைஞர்களுக்கு ஈடு கொடுத்தால்தான் அதில் நீடிக்க முடியும். பிறகு ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் சூப்பர் ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் கார் தொடர். 2019 நவம்பரில் ஃபுஜியில் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் டூரிங் கார் தொடரின் கார்களும் சேர்ந்து மோதிய இரண்டாவது ரேஸை வென்றபோது நரேனுக்கு வயது 42.