வாசகர் கேள்வி – பதில்: பூர்வகுடி மக்களின் அறிவும் அருங்காட்சியகமும்

கேள்வி: என் மகனின் வகுப்பை மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் உள்ள பஞ்சிலாக்கா பண்பாட்டு மையத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறார்கள். பூமராங்கையும் ஈட்டியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டு வந்தால் பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடியதாக ஆகுமா? போகுமுன் அவனுக்கு என்ன சொல்லி அனுப்பலாம்?
– வாசகி, மெல்பர்ன்

பதில்: பெட்டியை மட்டும் பார்த்துத் திரும்பினால் ஆகாது. ஆனால் நீங்கள் குறிப்பிடும் இடம் அந்தப் பார்வையை மாற்றுவதற்கென்றே அமைக்கப்பட்டது. மெல்பர்ன் பகுதியின் பூர்வகுடிகளான கூலின் மக்கள் தங்களைப் படைத்தவராகப் போற்றும் பஞ்சில் என்னும் கழுகின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அங்கே 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘முதல் மக்கள்’ காட்சிக்கூடத்தை அருங்காட்சியக அலுவலர்கள் தனியே அமைக்கவில்லை. விக்டோரியா மாநிலத்தின் பல பகுதிகளைச் சேர்ந்த மூத்தோரும் சமூகப் பிரதிநிதிகளும் ‘யூலெஞ்ச்’ என்ற குழுவாகக் கூடி, எதைக் காட்டுவது, எந்தச் சொல்லால் சொல்வது என்பதை அவர்களோடு உட்கார்ந்து தீர்மானித்தார்கள். யூலெஞ்ச் என்றால் அறிவு என்று பொருள்.

மகனுக்கு ஒரு போர்வையின் கதையைச் சொல்லி அனுப்புங்கள். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில் வாழ்ந்த மக்கள், மரங்களில் வாழும் போசம் என்ற சிறு விலங்கின் தோல்களைச் சேர்த்துத் தைத்துக் குளிருக்குப் போர்த்திக்கொண்டார்கள். பிறந்த குழந்தைக்குச் சில தோல்களே போதும். குழந்தை வளர வளரப் போர்வையும் தோல் சேர்ந்து வளரும். தோலின் உட்புறத்தில் கீறிய கோலங்கள் அணிபவரின் குலத்தையும் நிலத்தையும் சொல்லும். இறந்தவரை அவருடைய போர்வையிலேயே சுற்றி அடக்கம் செய்ததும் உண்டு. வெள்ளையர் குடியேற்றத்துக்குப் பின் அரசு கொடுத்த கம்பளிகள் அந்த இடத்தைப் பிடித்தன, செய்முறையும் பெரும்பாலும் கைவிட்டுப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்வைகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் இரண்டு, எச்சுகா பகுதியைச் சேர்ந்த 1853ஆம் ஆண்டுப் போர்வையும் கோண்டா ஏரிப் பகுதியைச் சேர்ந்த 1872ஆம் ஆண்டுப் போர்வையும், மெல்பர்ன் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளன.

1999ஆம் ஆண்டு அந்தக் கோண்டா ஏரிப் போர்வையை நேரில் பார்த்த விக்கி கசன்ஸ், டெப்ரா கசன்ஸ், லீ டாரோக், ட்ரியானா ஹாம் ஆகிய பூர்வகுடிக் கலைஞர்கள், தங்கள் முன்னோரின் கைவேலையை மறுபடியும் செய்துபார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் போசம் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால், அது பயிருக்கும் காட்டுக்கும் கேடாகப் பெருகிவிட்ட நியூசிலாந்திலிருந்து தோல்கள் வரவழைக்கப்பட்டன. இரண்டு பழைய போர்வைகளையும் அவர்கள் மறுபடி உருவாக்கினார்கள், பிறகு ஊர் ஊராகச் சென்று மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். 2006ஆம் ஆண்டு மெல்பர்னில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவில், விக்டோரியாவின் மூத்தோர் புதிய போர்வைகளை அணிந்து உலகத்தின் முன் நின்றார்கள். சேமிப்பறையில் மடித்துக் கிடந்த ஒரு பொருளை அதற்கு உரியவர்கள் பார்க்க முடிந்ததால் வந்த பயன் இது. அருங்காட்சியகம் செய்யக்கூடிய மிகப் பெரிய கொண்டாட்டம் என்று நான் கருதுவது இதைத்தான்.

கேள்வி: இதே அருங்காட்சியகங்கள்தானே ஒரு காலத்தில் பூர்வகுடி மக்களின் எலும்புகளைக்கூடச் சேகரித்து வைத்தன? இன்று அவை விழா எடுப்பதை எப்படி நம்புவது?
– வாசகர், சிட்னி

பதில்: நீங்கள் சொல்வது வரலாறு, மறுப்பதற்கில்லை. புதைகுழிகளிலிருந்து எடுத்தவற்றை உறவினரைக் கேட்காமலே ஆய்வுக்கூடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அனுப்பும் வழக்கம் நெடுங்காலம் நடந்தது. ஆகவே விழாவின் நேர்மையை, அந்த நிறுவனம் எதைத் திருப்பிக் கொடுத்தது என்பதோடு சேர்த்தே அளக்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முங்கோ ஏரிப் படுகையில் 1974ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, சுமார் 42,000 ஆண்டுப் பழமையான முங்கோ மனிதரின் எச்சங்கள், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கான்பராவில் வைக்கப்பட்டிருந்தன. முத்தி முத்தி, பாக்கான்ச்சி, நியாம்ப்பா மக்களின் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு, 2017ஆம் ஆண்டு நவம்பரில் அவர் தம் நிலத்துக்குத் திரும்பினார். எண்ணாயிரம் ஆண்டுப் பழமையான செம்மரத்தால் செய்த பேழையில் வைத்து, சவ ஊர்தியில், வழியெங்கும் ஊர்கள் நின்று வணங்க, ஒரு மூதாதைக்கு உரிய மரியாதையோடு கொண்டுசெல்லப்பட்டார். இப்படித் திருப்பித் தருவதற்கென்று தனி அலுவலர்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் விழாவை நான் நம்புவேன்.

கேள்வி: பூர்வகுடி மக்களின் அறிவு பாட்டிலும் கதையிலும் இருக்கிறது என்கிறார்கள். பாட்டை எப்படிக் காட்சிக்கு வைக்க முடியும்?
– ஆசிரியை, கான்பரா

பதில்: உங்கள் ஊரிலேயே அது நடந்திருக்கிறது. ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம் 2017ஆம் ஆண்டு ஏழு சகோதரிகளின் பாடல்வழித் தடத்தை, அதாவது அவர்கள் சென்ற வழியை இடம் இடமாகச் சொல்லும் பாட்டை, காட்சியாக வைத்தது. தம்மை விடாது துரத்தும் ஒருவனிடமிருந்து ஏழு சகோதரிகள் மேற்கிலிருந்து கிழக்காகப் பாலைநிலம் முழுவதும் ஓடுகிறார்கள். அவர்கள் ஒளிந்த குகை, தோண்டிய நீர்ச்சுனை, நடனமாடிய குன்று ஒவ்வொன்றும் இன்றும் நிலத்தில் இருக்கிறது. முடிவில் அவர்கள் வானேறி விண்மீன்களாகிறார்கள். அந்த விண்மீன்கள் நம் கார்த்திகைதான், சங்கப் பாடல்கள் அறுமீன் என்று சொல்லும் அதே கூட்டம். நாம் ஆறு பெண்களாக எண்ணியவர்களை அவர்கள் ஏழு சகோதரிகளாக எண்ணியிருக்கிறார்கள் என்று அறிந்தபோது, அந்தக் கதை எனக்கு மிக நெருங்கி வந்துவிட்டது.

ஆனால் அதைக் கதையாக மட்டும் கேட்பது பாதி கேட்டதாகவே ஆகும். பாட்டின் அடிகள் நிலத்தின் வரிசையிலேயே செல்வதால், அதை முழுமையாகக் கற்றவருக்கு அடுத்த நீர்ச்சுனை எங்கே, அங்கே என்ன உணவு கிடைக்கும், யாரை மணக்கலாம், எந்த நடத்தை தவறு என்பதெல்லாம் தெரியும். எழுத்தில்லாத நிலவரைபடமும் சட்டநூலும் ஒரே பாட்டுக்குள் இருக்கின்றன. இளையோர் இதைக் கற்காமல் போய்விடுவார்களோ என்ற கவலையில், பாலைநிலத்து மூத்தோரே முன்வந்து அருங்காட்சியகத்தின் துணையைக் கேட்டார்கள். ஆகவே ஓவியமும், புல்லால் பின்னிய உருவங்களும், குகை ஓவியங்களைத் தலைக்கு மேல் காட்டிய குவிமாடமும் அவர்களுடைய தீர்மானத்தின்படியே அமைந்தன. அந்தக் காட்சி பின்னர் இங்கிலாந்துக்கும் பெர்லினுக்கும் பாரிசுக்கும் சென்றது.

வகுப்பில் தொடர வேண்டுமானால், வானத்து ஈமுவைக் காட்டுங்கள். கிழக்கு ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான கமிலரோய் மக்கள் விண்மீன்களை மட்டும் இணைத்து உருவம் காணவில்லை. பால்வீதியின் இருண்ட பகுதிகளையும் படித்தார்கள். தென்சிலுவைக்கு அருகில் உள்ள கரும்பகுதி ஈமுவின் தலை. அந்த உருவம் இரவு வானில் சாய்ந்தும் நிமிர்ந்தும் தோன்றுவதைக் கொண்டு, நிலத்தில் ஈமு முட்டையிட்டு அடைகாக்கும் பருவத்தைக் கணித்தார்கள்.

கேள்வி: பூமராங்கும் நம் வளரியும் ஒன்றுதானே? ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் தமிழரின் வழித்தோன்றல்கள் என்று அருங்காட்சியகங்கள் ஏன் சொல்வதில்லை?
– வாசகர், சிவகங்கை

பதில்: அது நிறுவப்படவில்லை என்பதால் சொல்வதில்லை. வளைந்த எறிகருவி உலகின் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மரபணுக் கலப்பு நிகழ்ந்திருக்கலாம் என்று 2013ஆம் ஆண்டு ஓர் ஆய்வு கூறியது. 2016ஆம் ஆண்டு ஆண்வழி மரபணுவை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு அதற்குச் சான்றில்லை என்றது. திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் உறவு உண்டு என்ற கருத்தும் மொழியியலாரிடையே ஏற்கப்படவில்லை. வடக்கே மாஜெட்பெபே பாறைக்குகையில் கிடைத்த சான்றுகள் அவர்கள் ஏறத்தாழ 65,000 ஆண்டுகளாக அங்கே இருந்திருக்கலாம் என்று காட்டுகின்றன. எந்தத் தமிழ்ப் பெருமையைவிடவும் மிகப் பழைய காலம் அது. அவர்களுடைய கதையை நம் கதையின் கிளையாக்குவது, இத்தனை பாடுபட்டு அவர்கள் மீட்டெடுத்த சொல்லும் உரிமையை மறுபடியும் பறிப்பதாகும். இதை வருத்தத்தோடு சொல்கிறேன். உங்கள் ஆர்வத்தைக் குறை கூறுவதாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: பூர்வகுடி மக்களின் பண்பாட்டு நிகழ்ச்சிகளில் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? எப்போது செல்லலாம்?
– வாசகி, அடிலெய்ட்

பதில்: மூத்தோரை ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றே அழைக்கிறார்கள். நம் வீட்டில் வயதில் மூத்த விருந்தினருக்குச் சொல்வதுபோல் அல்ல. சமூகம் மதித்து அளித்த பட்டம் அது, ஆகையால் அவர்கள் அவ்வாறு அறிமுகப்படுத்தப்பட்டால் நீங்களும் அப்படியே அழைக்கலாம். நிலத்துக்கு வரவேற்கும் சடங்கைச் செய்யும் உரிமை அந்நிலத்துக்கு உரியவர்களுக்கே உண்டு. மற்றவர்கள் அவர்களை நினைவுகூர்ந்து மரியாதை சொல்லலாம். இறந்தவர்களின் படமும் குரலும் இடம்பெறக்கூடும் என்ற அறிவிப்பை வாயிலில் காண்பீர்கள். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைப் பார்ப்பதும் துயரம் தரும் என்பதே காரணம். புகைப்படம் எடுக்குமுன் கேளுங்கள். சில பொருள்கள் ஆண்களுக்கோ பெண்களுக்கோ மட்டுமே உரியவை என்பதால் காட்சிக்கு வைக்கப்படுவதே இல்லை. அவற்றைப் பற்றி வற்புறுத்திக் கேட்க வேண்டாம்.

மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரமும், ஜூலை மாதத்தின் முதல் ஞாயிறன்று தொடங்கி, பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நெய்டாக் வாரமும் வருகின்றன. கூட்டம் குறைந்த வேறொரு நாளில் இன்னொரு முறையும் செல்லுங்கள். அன்று வழிகாட்டியிடம் நின்று பேச நேரம் கிடைக்கும். உங்கள் நகரில் உள்ள தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பூர்வகுடிச் சேகரிப்பு, ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பொருள்களின் சேகரிப்புகளில் உலகிலேயே பெரியது. அதை ஒரே நாளில் பார்த்து முடிக்க இயலாது.