எந்த இன்டர்ஃபேஸில் எந்த ஆக்சஸ் லிஸ்ட்?

கேள்வி: ஒரு சிஸ்கோ ரவுட்டரை இப்போதுதான் என் பொறுப்பில் எடுத்திருக்கிறேன். 'ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்' கொடுத்தால் நிறைய ஆக்சஸ் லிஸ்ட் (எந்த டிராஃபிக்கை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்) வருகிறது. எது எந்த இன்டர்ஃபேஸில் போடப்பட்டிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: அந்தக் கமாண்ட் லிஸ்டின் உள்ளே இருக்கும் விதிகளையும் ஒவ்வொன்றிலும் எத்தனை பாக்கெட் பட்டது என்பதையும் மட்டும் காட்டும். உங்களுக்கு வேண்டியது 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்'. கூடவே 'பிரீஃப்' சேர்த்துவிடாதீர்கள்; அதில் ஆக்சஸ் லிஸ்ட் வராது. ஒவ்வொரு இன்டர்ஃபேஸின் கீழும் 'இன்பவுண்ட்', 'அவுட்கோயிங்' என்று இரு திசைக்கும் வரி இருக்கும். எதிரே லிஸ்டின் எண்ணோ பெயரோ வரும். எதுவும் போடவில்லை என்றால் 'நாட் செட்'.

இன்டர்ஃபேஸ் அதிகம் என்றால் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் | இன்க்ளூட் லைன் புரோட்டோகால்|ஆக்சஸ் லிஸ்ட்' என்று வடிகட்டுங்கள். தேடும் சொற்கள் எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும், பெரிய எழுத்து கலந்தால் பொருந்தாது.

இதில் ஐபிவி4 மட்டும்தான் தெரியும். ஐபிவி6-க்கு 'ஷோ ஐபிவி6 இன்டர்ஃபேஸ்' தனியாகப் பார்க்க வேண்டும். விடிஒய் லைனில் (தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வழி) 'ஆக்சஸ்-கிளாஸ்' மூலம் போட்டது இரண்டிலும் வராது; ரன்னிங்-கான்ஃபிக்கில் (ரவுட்டரில் இப்போது ஓடும் அமைப்பு) 'லைன் விடிஒய்' பகுதியில்தான் இருக்கும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இன்டர்ஃபேஸில் 'லேன்-இன்' என்ற பெயர் தெரிகிறது, ஆனால் 'ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ்' கொடுத்தால் அப்படி ஒரு லிஸ்டே இல்லை. பெரும்பாலும் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கும்; ரவுட்டருக்கு அவை வேறு வேறு லிஸ்ட். இல்லாத லிஸ்டைப் போட்டால் ஐஓஎஸ் (சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளம்) எல்லா டிராஃபிக்கையும் விட்டுவிடும், அதனால் எந்தப் புகாரும் வராமல் வருடக்கணக்கில் கிடக்கும். நீங்கள் சரிசெய்வதாக நினைத்து அதே பெயரில் முதல் 'பெர்மிட்' வரியை எழுதிய நொடியில், கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் நின்று மற்ற எல்லாவற்றையும் தடுக்கும் 'டினை' உயிர்பெறும். அந்த இன்டர்ஃபேஸ் வழியாக எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் முறை) வந்திருந்தால் உங்கள் இணைப்பே அறுந்துபோகும். ஆகவே கான்ஃபிக்கை முதலில் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுத்து வையுங்கள்; இணைப்பு அறுந்தாலும் பத்து நிமிடத்தில் ரவுட்டர் மறுதொடக்கமாகி, சேமித்த பழைய கான்ஃபிக்குக்குத் திரும்பிவிடும். மாற்றம் சரியாக வேலை செய்தால் 'ரீலோட் கேன்சல்', அதன்பின் சேமியுங்கள்.

எந்த இன்டர்ஃபேஸிலும் இல்லாத லிஸ்டை உடனே அழிக்கவும் வேண்டாம். நாட் (ஐபி முகவரி மாற்றம்), ரூட்-மேப் (வழித்தட விதிகள்), எஸ்என்எம்பி (சாதனக் கண்காணிப்பு) எல்லாம் ஆக்சஸ் லிஸ்டைப் பயன்படுத்தும். ரன்னிங்-கான்ஃபிக் முழுவதிலும் அந்த எண்ணை அல்லது பெயரைத் தேடிவிட்டு முடிவெடுங்கள்.