வாடகை வராமல் போனால்? துலூஸுக்குக் கிளம்பும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பாரிஸுக்குப் பக்கத்தில் செர்ஜியில் இரண்டு அறை வீடு வாங்கிவிட்டீர்கள். இப்போது வேலை துலூஸுக்கு மாறுகிறது. வீட்டை விற்க மனமில்லை, வாடகைக்கு விடலாம் என்றால் குடி வந்தவர் பணம் தராமல் உட்கார்ந்துகொண்டால் பிரான்சில் கிளப்பவே முடியாது என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஊரில் போல ஆறு மாதம், பத்து மாதம் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளலாமா, இல்லை தெரிந்த தமிழ்க் குடும்பமாகப் பார்த்து விட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

அட்வான்ஸ் கதை இங்கே நடக்காது. 1989 ஜூலை 6ஆம் தேதிச் சட்டம்தான் இந்த விஷயத்தில் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வெற்று வீடாக விட்டால் ஷார்ஜ் (தண்ணீர், பராமரிப்பு போன்ற செலவுகள்) சேர்க்காமல் ஒரு மாத வாடகை, கட்டில் மேசை அடுப்போடு விட்டால் இரண்டு மாத வாடகை. வைப்புத்தொகைக்கு அதுதான் உச்சம். வாடகை தாமதமானால் இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டாலும் அந்த வரி செல்லாது. குடியிருப்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வதையும் நீங்கள் கட்டாயமாக்க முடியாது. ஆக, வாடகைக்காரரிடமிருந்தே ஒரு பெரிய தொகையை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது, அவர் தராவிட்டால் தருவதற்கு இன்னொருவரை முன்கூட்டியே நிறுத்தி வைப்பது.

'நம்ம ஆள்' விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பல வருடமாகப் பார்க்கிறேன்: பெரும்பாலும் வாடகை நிற்பது ஆள் மோசம் என்பதால் அல்ல. வேலை போகிறது, கணவன் மனைவி பிரிகிறார்கள், உடம்பு படுத்துகிறது. ஒழுங்காக இருந்த குடும்பம்தான் திடீரென்று தடுமாறுகிறது. அப்போது நம்ம ஆள் என்றால் இன்னும் சிக்கல். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பக் கை கூசும், கோயிலிலும் கல்யாண வீட்டிலும் முகம் பார்க்க வேண்டும், பேசிப் பேசியே ஐந்தாறு மாதம் ஓடிவிடும். தமிழ்க் குடும்பத்துக்கு விடாதீர்கள் என்று சொல்லவில்லை. மற்றவரிடம் என்ன தாள் கேட்பீர்களோ அதையே அவரிடமும் கேளுங்கள், அதே காரண்டியோடு விடுங்கள். இன்னொன்றும் உண்டு: தமிழருக்கு மட்டும் என்று விளம்பரம் போட்டாலோ, ஒருவரின் பூர்வீகத்தைப் பார்த்து மறுத்தாலோ அது பாகுபாட்டுக் குற்றம். மூன்று ஆண்டு சிறை, 45,000 யூரோ அபராதம் வரை போகலாம்.

காரண்டி மூன்று விதம். இதில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம் என்று நினைத்துத்தான் புதிதாக வீட்டுக்காரர் ஆகிறவர்கள் குழம்புகிறார்கள்.

முதலாவது, காரான், அதாவது ஜாமீன்தாரர். பெரும்பாலும் பெற்றோரோ உறவினரோ. 'சொலிதேர்' என்ற சொல் ஜாமீன் பத்திரத்தில் இருந்தால், ஒரு மாதம் வாடகை நின்றாலே நேராக அவரிடம் போகலாம். இல்லாவிட்டால் முதலில் வாடகைக்காரரிடம் வசூலிக்க எல்லா முயற்சியும் செய்து பார்த்துவிட்டுத்தான் அவரிடம் போக முடியும். ஜாமீன் தருபவருக்கு வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பிரதியும் கொடுக்க வேண்டும். பிரெஞ்சுக் குடிமகன் இல்லை, பிரான்சில் வசிக்கவில்லை என்பதற்காக மட்டும் ஒரு ஜாமீன்தாரரைத் தட்டிக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் திருச்சியில் இருக்கும் அப்பாவிடமிருந்து பாக்கியை எப்படி வசூலிப்பீர்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வாடகை பாக்கி இன்ஷூரன்ஸ். சுருக்கமாக ஜே.எல்.ஈ. என்பார்கள். ஆண்டு வாடகையில் ஏறத்தாழ இரண்டரை முதல் நாலு சதவீதம் வரை பிரீமியம் போகும். இது எடுத்தால் ஜாமீன்தாரரைக் கேட்கக் கூடாது. மாணவருக்கோ அப்ரந்தி என்னும் தொழிற்பயிற்சியில் இருப்பவருக்கோ விட்டால் மட்டும் இரண்டும் சேர்த்து வைக்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வாடகைக்காரரின் வருமானம் எவ்வளவு இருக்க வேண்டும், வேலை நிரந்தரமா, சோதனைக் காலம் முடிந்ததா என்றெல்லாம் கம்பெனி தன் நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கும். நீங்கள் பணம் கட்டிக்கொண்டே இருப்பீர்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பாக்கி விழுந்து நஷ்டஈடு கேட்கும்போதுதான் பழைய தாள்களை எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு பே ஸ்லிப் குறைந்தால்கூடக் கை விரித்துவிடலாம். அதனால் கையெழுத்துக்கு முன்பே தாள்களைக் கம்பெனிக்கு அனுப்பி, இந்த ஆள் சரி என்று எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, விசால். உங்கள் வீட்டுக்கு இதைத்தான் முதலில் பார்ப்பேன். அக்சியோன் லொஜ்மான் என்னும் வீட்டுவசதி அமைப்பு தரும் இலவச ஜாமீன் இது. உங்களுக்கும் செலவில்லை, குடி வருபவருக்கும் செலவில்லை. தனியார் வீட்டில் 36 மாதம் வரைக்கும் வாடகை பாக்கியைக் கட்டுவார்கள், பிறகு வாடகைக்காரரிடம் அவர்களே வசூலித்துக்கொள்வார்கள். 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு எளிதாகக் கிடைக்கும், 30 தாண்டியவர்களுக்கும் சில நிபந்தனைகளோடு உண்டு. வாடகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அதை அவர்கள் தளத்திலேயே சரிபாருங்கள். செர்ஜியில் பல்கலைக்கழகமும் எஸ்ஸெக் வணிகக் கல்லூரியும் இருக்கின்றன, ஏர்.எ.ஏர். ஆ ரயிலைப் பிடித்தால் நேராக லா தெஃபான்ஸ் அலுவலக வட்டாரம். மாணவர்களும் முதல் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும்தான் உங்கள் கதவைத் தட்டப்போகிறார்கள். விசால் அவர்களுக்கென்றே செய்தது போல. ஒழுங்கு மட்டும் மாறக் கூடாது: முதலில் குடி வருபவர் விசால் தளத்தில் தன் 'விசா' எண் (பயண விசா அல்ல, ஜாமீனுக்குத் தகுதி என்ற சான்று) வாங்க வேண்டும், பிறகு நீங்கள் உங்கள் கணக்கைத் திறந்து ஜாமீன் ஒப்பந்தத்தை உறுதி செய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து. விசால் இருந்தால் வேறு ஜாமீன்தாரர் கேட்கக் கூடாது.

இனி தாள்கள். என்ன கேட்கலாம் என்பதை 2015 நவம்பர் 5ஆம் தேதி ஆணை பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அடையாள அட்டை, இப்போது குடியிருக்கும் இடத்துக்கான சான்று (கடைசி மூன்று வாடகை ரசீது இருந்தால் நல்லது), வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று பே ஸ்லிப், வருமான வரி அறிவிப்பு. வங்கிக் கணக்கு அறிக்கை, கார்த் வித்தால் (மருத்துவக் காப்பீட்டு அட்டை), விவாகரத்துத் தீர்ப்பு இவற்றைக் கேட்டால் 3,000 யூரோ வரை அபராதம் உங்களுக்கு. வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் என்பது வழக்கம்தான், சட்டம் இல்லை.

போலித் தாள்கள் நிறைய சுற்றுகின்றன, அதனால் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். பே ஸ்லிப்பில் எல்லோரும் கீழே உள்ள நிகரச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்குப் பக்கத்திலோ கீழேயோ, ஜனவரியிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் வரிக்குரிய தொகை ஒன்று இருக்கும். மார்ச் ஸ்லிப்பில் மாதத்துக்கு 2,900 என்றும் கூட்டுத்தொகை 5,700 என்றும் இருந்தால் கணக்கு இடிக்கிறது. ஒன்று அவர் பிப்ரவரியில்தான் சேர்ந்திருக்கிறார், அல்லது மேலே உள்ள எண்ணை யாரோ மாற்றியிருக்கிறார்கள். வேலையில் சேர்ந்த தேதியும் அதே தாளில் இருக்கும், ஒத்துப் பாருங்கள். வரி அறிவிப்பின் முதல் பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஒரு சதுரம் இருக்கிறதே, அது 2டி-டாக். போனில் ஸ்கேன் செய்தால் பெயரும் ஆண்டு வருமானமும் வரும். தாளில் உள்ள எண்ணைத் திருத்தியவர்களால் அந்தச் சதுரத்துக்குள் இருப்பதைத் திருத்த முடியாது. இதெல்லாம் தலைவலி என்றால், தொசியே ஃபசீல் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அரசு நடத்தும் இலவசச் சேவை, தாள்களைச் சரிபார்த்து முத்திரை போட்டுத் தருவார்கள். தாளின் மேல் குறுக்காக எழுத்து ஓடுகிறதே என்று சந்தேகப்பட வேண்டாம், தாள் திருடு போகாமல் இருக்கத்தான் அது.

ஆளைத் தேடுவது இதைவிடச் சுலபம். லெ போன் குவான், பே.ஆ.பே. என்ற விளம்பரத் தளங்களில் போடுங்கள், ஒரே நாளில் போன் சூடாகிவிடும். விளம்பரத்தில் வீட்டின் மின்சார, வெப்பச் செலவைக் காட்டும் தே.பே.எ. தரம் இருந்தாக வேண்டும்; கடைசித் தரமான ஜே (G) வந்த வீட்டை 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வாடகைக்கு விடவே முடியாது. சில ஊர்களில் மேரியிடம் (நகராட்சியிடம்) அனுமதி வாங்கிய பிறகுதான் வாடகைக்கு விட முடியும், ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். துலூஸில் இருந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் கதவு திறக்க முடியாது என்றால் ஆஜான்ஸிடம் (வீட்டுத் தரகு நிறுவனத்திடம்) கொடுங்கள். மாதாமாதம் நிர்வாகத்துக்கு வாடகையில் ஆறேழு சதவீதம் போகும். ஆனால் ஆஜான்ஸ் இருக்கிறது என்பதும் வாடகைக்குக் காரண்டி இருக்கிறது என்பதும் வேறு வேறு. காரண்டிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.

துலூஸ் பிடிக்காமல் திரும்பி வர வாய்ப்பு இருக்கிறதா? அப்படியானால் சாமான்களோடு விடுங்கள். வெற்று வீடு மூன்று ஆண்டு ஒப்பந்தம், அது முடியும்போதுதான், ஆறு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுத்துத்தான் கேட்க முடியும். சாமான்களோடு என்றால் ஓராண்டு, நோட்டீஸ் மூன்று மாதம். மாணவருக்கு ஒன்பது மாத ஒப்பந்தமும் உண்டு, தானாகப் புதுப்பிக்காது. வைப்புத்தொகையும் இரண்டு மாதம் கிடைக்கிறது.

சரி, எல்லாம் செய்தும் ஒரு மாதம் பணம் வரவில்லை. முதல் வாரத்திலேயே போன் போடுங்கள். என் வாடகைக்காரர் ஒருவருக்கு வேலை போனபோது அவரே வெட்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். மாதா மாதம் வாடகையோடு இவ்வளவு சேர்த்துத் தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டோம், மாகாணத்தின் எஃப்.எஸ்.எல். என்னும் வீட்டுவசதி உதவி நிதியிலிருந்தும் உதவி கிடைத்தது, பாக்கி அடைந்துவிட்டது. இப்படி முடிவதே அதிகம். ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகத் தாளை நிறுத்தாதீர்கள். பதிவுத் தபால், விசாலுக்கோ இன்ஷூரன்ஸுக்கோ அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் அறிவிப்பு, இரண்டும் பேச்சோடு சேர்ந்தே ஓட வேண்டும். கெடு தாண்டினால் காரண்டியே போய்விடும். வாடகைக்காரரின் ஆபேஎல் (அரசு தரும் வாடகை உதவித்தொகை) நேராக உங்கள் கணக்குக்கு வருகிறது என்றால், பாக்கி இரண்டு மாத அளவுக்கு வந்ததும் அதைத் தரும் காஃப் அலுவலகத்துக்குச் சொல்வது உங்கள் கடமை. சொல்லாமல் விட்டால் வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கேட்பார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் கொமிசேர் தெ ஜுஸ்தீஸ் என்னும் நீதிமன்ற அமீனா, பழைய பெயரில் உய்ஸியே, பணம் கட்டச் சொல்லி உத்தரவு கொடுப்பார். 2023 ஜூலைச் சட்டத்துக்குப் பிறகு போடும் ஒப்பந்தங்களில் அந்தக் கெடு ஆறு வாரம், முன்பு இரண்டு மாதம். ஜாமீன்தாரர் இருந்தால் அந்த உத்தரவு 15 நாளுக்குள் அவருக்கும் போக வேண்டும். பிறகு வழக்கு, விசாரணைக்கு ஆறு வாரம் முன்பே பிரெஃபேவுக்கு (மாகாணத்தின் அரசு அதிகாரிக்கு) தகவல், தீர்ப்பு, காலி செய்ய இரண்டு மாதம். வாடகை மறுபடி வரத் தொடங்கிவிட்டால் பாக்கியை அடைக்க நீதிபதி மூன்று ஆண்டு வரை அவகாசம் தரலாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை யாரையும் வெளியேற்ற முடியாது. ஆனால் குளிர்காலத்தில் நிற்பது வெளியேற்றம் மட்டும்தான். நோட்டீஸும் வழக்கும் தாராளமாக நடக்கும். நவம்பர் வந்துவிட்டதே, ஏப்ரலில் பார்க்கலாம் என்று இருந்தால் சும்மா ஐந்து மாதம் போகும். மொத்தத்தில் ஓராண்டு, அதற்கு மேலும் ஆகும். நண்பர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

கோபத்தில் பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது என்ற யோசனை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரை மிரட்டியோ பலவந்தமாகவோ வெளியேற்றினால் மூன்று ஆண்டு சிறை, 30,000 யூரோ அபராதம் வரை உங்கள் தலையில் விழும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை. வீடு வாங்கியபோது வட்டியில்லாக் கடன், பே.தே.இசட்., எடுத்தீர்களா? எடுத்திருந்தால் ஆறு ஆண்டு நீங்களே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தூரமான ஊருக்கு வேலை மாறினால் விலக்கு உண்டு, துலூஸ் அதில் வந்துவிடும். ஆனால் அப்போது வாடகைக்கும் குடி வருபவரின் வருமானத்துக்கும் உச்சவரம்பு போட்டுவிடுவார்கள். விளம்பரம் போடுவதற்கு முன்பே வங்கிக்கு ஒரு மெயில் எழுதி, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே விளம்பரத்தைப் போட்டுவிடலாம்.